தூக்க முடியாத சிலுவை

அடியே,

இன்று காலை துணி ஊறவைக்கும்போது என் வெள்ளைப் புடவையின் தோள்பக்கத்திலிருந்து ரெட் ஆக்ஸைடு வாசனை வந்தது. பக்கெட்டில் முக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். புனித வெள்ளியன்று உடுத்திய புடவை. இரும்பு துருப்பிடிக்காமலிருக்க முதல் கோட்டாக அடிக்கும் அந்தச் செங்கல் நிறப் பெயிண்ட், தோளில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருக்கிறது. இந்த வருஷம் நம் வெல்டர் ஆரோக்கியம் வியாழக்கிழமை சாயங்காலம்தான் சிலுவைக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார். எப்படிக் காயும்? தோள் கொடுத்த அத்தனை பேர் துணியும் பாழ். நீ இருந்திருந்தால் அந்த மனுஷனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாய். பிறகு நீயே விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

எனக்குச் சோப்பு போட மனசு வரவில்லை. உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேலைக்கு மத்தியான ஷிஃப்டுதான்.

பேக்கிங் லைனில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் நீ. ஆரம்பாக்கத்துப் பெண். வீட்டில் நெல் வயல், வாசலில் பெருமாள் படம், அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற குடும்பம். ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிற ஒரு கிறிஸ்தவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தாய். அவர் வாயைத் திறந்து உன்னிடம் காதலைச் சொன்னார் என்பதை மட்டும் இன்றுவரை நான் நம்பவில்லை. கூப்பிட்டால் தலையாட்டுவார், சாப்பிட்டாயிற்றா என்றால் தலையாட்டுவார். அவருக்கும் சேர்த்து நீ ஒருத்தியே பேசினாய்.

நம் தெரு அன்பியத்துக்கு நீ முதன்முதலாக வந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாரம் ஒரு வீடு என்று முறைவைத்துக் கூடுவோம், நற்செய்தி வாசிப்போம், ஜெபம் சொல்லுவோம், காபி குடித்துக் கலைந்துவிடுவோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த அன்பியம். அது தவக்காலம். ஆண்டவர் சிலுவை சுமந்த பாடு வாசிக்கப்பட்டது. நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட கதை. தலையைக் குனிந்துகொண்டு பாதிப் பேர் மறுநாள் சமையலை யோசித்துக்கொண்டிருந்தோம். உனக்கு அது புதுசு. வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாசித்து முடித்ததும் கையைத் தூக்கினாய்.

"அந்த சீமோனு வயலாண்டேர்ந்து வந்துக்கினு இருந்தான்னு படிச்சீங்களே, அவனைப் புடிச்சி இழுத்து சிலுவைய தூக்க வெச்சிட்டாங்க. சரி. அப்புறம் அவன் ஊட்டுக்குப் போயிருப்பான் இல்ல? சட்டையெல்லாம் ரத்தம். பொண்டாட்டி இன்னா கேட்டிருப்பா? இவன் இன்னா சொல்லியிருப்பான்?"

இப்படியெல்லாம் கேட்கலாமா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கடைசியில் ஆரோக்கியத்தின் சம்சாரம்தான் வாயைத் திறந்தாள். "இன்னா கேட்டிருப்பா? இவ்ளோ நேரம் எங்க சுத்திக்கினு இருந்தேன்னு கேட்டிருப்பா. இவரு ஓ.டி. முடிச்சி வந்தா நான் அதான் கேக்கறேன்." ஆரோக்கியம் உடனே, "சொன்னாலும் அவ நம்ப மாட்டான்னு அவன் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாம்மா. கைய கழுவிட்டு சோறு போடுன்னிருப்பான்" என்றார். வீடே சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி எல்லோரும் ஒரு மாதிரி ஆகிவிட்டோம். சீமோனுக்கு ஒரு வீடு இருந்தது என்பதே அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதை ஒரு காட்சியாகவே செல்போனில் தட்டி வைத்திருந்தாய். படித்துக் காட்டினாய். அழுக்குச் சட்டையோடு வந்து நிற்கிற புருஷன், அடுப்படியிலிருந்து கத்துகிற பொண்டாட்டி. அவர்கள் பேசியது அப்படியே நம் தெரு பேச்சு. "ஏம்மே, இத்த நம்ம பாஸ்காவுல போட்டா இன்னா?" என்று நான்தான் கேட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

அப்படித்தான் வருஷா வருஷம் புனித வெள்ளியன்று தெருவில் நாம் நடிக்கிற பாடுகளின் நாடகத்துக்கு நீ எழுத ஆரம்பித்தாய். நீ எழுதுகிற விதம் வேறு யாருக்கும் வராது. வியாழக்கிழமை ஒரு கேள்வியைப் போடுவாய். "கோழி கூவினப்புறம் பேதுரு எங்க போய் நின்னிருப்பான்?" போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாய். யாராவது பேசும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டாய். செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர் ஒன்று சொல்லுவார், புதிதாகக் கல்யாணமான பெண் ஒன்று சொல்லுவாள், பத்தாவது ஃபெயிலான பையனைப் பெற்றவள் ஒன்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துவாள். அதையெல்லாம் கொண்டுபோய் வசனமாக்கி அடுத்த வியாழன் படிப்பாய். தன் வார்த்தை வரும்போது ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்க்க வேண்டுமே!

நீ ஒன்றும் எல்லோருக்கும் தலையாட்டுகிற ஆளும் இல்லை. கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் ஞானப்பிரகாசம் சார் ஆசையாக ஒரு வசனம் எழுதிக்கொண்டு வந்தார். சிலுவையிலிருந்து ஆண்டவர் மாதாவைப் பார்த்து, "அன்னையே, அழாதீர்" என்கிறார். நீ சட்டென்று, "பெத்த புள்ள அம்மாவ அப்டியா சார் கூப்புடும்?" என்றாய். சாருக்கு முகம் சிறுத்துவிட்டது. நான் உன் காலை மிதித்தேன், நீ கண்டுகொள்ளவே இல்லை.

ஒரு முறை ஃபாதர் உன்னைப் பாராட்டி, இவ்வளவு திறமையை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். "தனியா உக்காந்தா எனக்கு ஒரு வரி வராது ஃபாதர். இவங்க நடுவுல உக்காந்தாதான் வருது" என்றாய். ஃபாதர் சிரித்துக்கொண்டே, "தூய ஆவி ஒரு தலைமேலயாம்மா இறங்கினாரு? கூடியிருந்த எல்லார் தலைமேலயும்தானே" என்றார். நீ அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் பேசாமல் வந்தாய். உனக்கு அது சாதாரண விஷயமில்லை என்று எனக்குத் தெரிந்தது. பெருமாள் வீட்டிலிருந்து வந்த பெண் நீ, எங்களோடு உன்னையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று அன்றுதான் நம்பினாய் என்று நினைக்கிறேன்.

அடுத்த புனித வெள்ளியில்தான் சனியன் பிடித்தது. கம்பெனியில் சரக்கு அடுக்கித் தேய்ந்து தூக்கிப்போடும் பேலட் கட்டைகளில் செய்த சிலுவை, நட்ட நடு ரோட்டில் மடாரென்று இரண்டாக உடைந்தது. ஆண்டவராக நடித்த ஜான்சன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கைக்கொரு பாதியை வைத்துக்கொண்டு விழித்தான். பைக்கில் போகிறவன் வருகிறவன் எல்லாம் வீடியோ எடுத்தான். அன்று ராத்திரிக்குள் ஊர் போனெல்லாம் நம் சிலுவைதான்.

பேரவையில் ஞானப்பிரகாசம் சார் வருத்தமாகத்தான் சொன்னார். ஆண்டவருடைய பாடு சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது, நாமே செய்து அசிங்கப்படுவதைவிட வெளியூரிலிருந்து நாடகக் குழுவைக் கூப்பிடலாம், மைக், லைட், டிரெஸ் எல்லாம் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள் என்றார். கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு வருஷம் வாங்கினோம். நீ என்னிடம் மட்டும் சொன்னாய்: "இதுவும் போச்சுன்னா நான் எழுதறத வுட்டுடுவேன்மே. அவங்க வந்து யாரோ எழுதினதப் பேசுவாங்க. நம்ம சனம் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கும். அத்தப் பாக்க என்னால முடியாது." நீ சொன்னால் செய்கிறவள்.

ஆரோக்கியத்துக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "இனிமே உடையறதப் பாக்கறேன்" என்று முதலாளியிடம் சொல்லி மிச்ச இரும்பை வாங்கி, சேனலில் சிலுவை செய்தார். ஷெட்டுக்குத் தூணாகப் போடுகிற கனத்த இரும்புச் சட்டம்! மூலைக்கு மூலை தகடு வைத்து வெல்டு. அதற்கு மேல் மரம் மாதிரியே ரேகை விட்டுப் பெயிண்ட். பார்த்த எல்லோரும் மூக்கில் விரலை வைத்தோம். மழை, வெயில், பூகம்பம் எதற்கும் அசையாது. கர்வத்தில் ஆரோக்கியத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

யாருக்காவது புத்தி வேலை செய்ததா? ஒர்க்‌ஷாப்பில் சங்கிலி பிளாக்கில் தொங்கவிட்டுத்தான் அதைத் திருப்பித் திருப்பி வெல்டு வைத்திருக்கிறார். டிராலியில் வைத்து வெளியே தள்ளியிருக்கிறார். குட்டியானை வண்டியில் ஏற்றியது ஜான்சனே, அவனுடைய ஃபோர்க்லிஃப்டில். கோயில் வாசலில் பைப்பு போட்டு உருட்டி இறக்கினார்கள். ஒத்திகை முழுக்க மூங்கில் சிலுவை. இந்தத் தொழிற்பேட்டை ஆட்களுக்கு எதையும் கையால் தூக்கிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. ஒரு மனுஷத் தோள்கூடப் படாமல் அந்தச் சிலுவை புனித வெள்ளி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஜான்சன் குனிந்தான். தவக்காலம் முழுக்க வளர்த்த தாடி, முள்முடி, எல்லாம் பிரமாதம். தோளைக் கொடுத்தான். முக்கினான். சிலுவை இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு தரம் முக்கினான். பிறகு காலரில் மைக் இருப்பதை மறந்து, "யக்கா, நவுர மாட்டேங்குதுக்கா" என்று உன்னைப் பார்த்துச் சொன்னான். அது தெரு முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. கூட்டத்தில் எவனோ, "ஃபோர்க்லிஃப்ட் இட்டாரட்டா தலைவா?" என்று கத்தினான். அவ்வளவுதான். சிரிப்பு அலையாகப் பரவியது. ஞானப்பிரகாசம் சார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் ரத்தமே இல்லை. முடிந்தது கதை, இனி இவள் எழுத மாட்டாள் என்று என் மனசு அடித்துச் சொன்னது.

நீ நடுத் தெருவுக்கு வந்தாய். கையிலிருந்த மைக்கைத் தூக்கினாய்.

"இது நடிப்பு இல்ல. நெசமாவே தூக்க முடியல. சீமோன் ஒருத்தன் பத்தாது போலக்கீது. தோளு இருக்கறவங்க வாங்க."

முதலில் வந்தது உன் வீட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் பாரம் தூக்கியவர் அல்லவா, எந்தப் பக்கம் கனம் என்று பார்த்ததும் தெரிந்திருக்கிறது. நேராகப் போய்க் குறுக்குக் கட்டைக்குக் கீழே தோளைக் கொடுத்தார். அடுத்தது ஆரோக்கியம், அழுதுகொண்டே. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஒடிசா பையன்கள் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களோ! நான் போனபோது யாரோ "பொம்பளைங்க வேணாம்" என்றார்கள். "ஏன், அவங்களுக்குத் தோளு இல்லியா?" என்று நீ மைக்கிலேயே கேட்டாய். சவுக்கோடு நின்ற ரோமாபுரி வீரன் சவுக்கை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தூக்கினான். அது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. ஞானப்பிரகாசம் சார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

சிலுவை எழுந்தது. ஜான்சன் அதன்மேல் கை வைத்தபடி நடுவில் நடந்தான். வெயிலில் இரும்பு கொதித்தது, ஆளாளுக்குத் துண்டை மடித்து வைத்தார்கள். ஜெபத்துக்கு நிற்கிற ஒவ்வொரு ஸ்தலத்திலும் தோள் மாறியது. சிரித்தவனும் வந்தான், ஃபோர்க்லிஃப்ட் கேட்டவனும் வந்தான். அப்புறம் ஒரு சத்தம் இல்லையடி, செருப்புச் சத்தம் மட்டும்தான். எத்தனையோ சிலுவைப்பாதை போயிருக்கிறேன். ஆண்டவர் என்ன சுமந்தார் என்று என் எலும்புக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் ஞானப்பிரகாசம் சார் உன்னிடம் வந்தார். "வெளியூர்க்காரன் வந்தா இதை எப்படிம்மா செய்வான்?" என்றார். பிறகு அவராகவே, "அடுத்த வருஷமும் நீயே எழுது" என்றார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். ஆரோக்கியம் மறுவாரமே தலையைச் சொறிந்துகொண்டு, அலுமினியத்தில் லேசாக ஒன்று செய்து தருகிறேன் என்று வந்தார். அன்பியம் மொத்தமும் ஒரே குரலில் வேண்டாம் என்றது. ஒருத்தரால் தூக்க முடிகிற சிலுவை இனி நமக்கு எதற்கு?

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை, உனக்குப் பிடிக்காது. அடக்கத்துக்கு அந்த ஒடிசா பையன்களில் சிலர் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தவக்காலம் வந்தது. பேரவையில் ஞானப்பிரகாசம் சார் மெதுவாக, "இந்த ஒரு வருஷம் மட்டும் வெளியே சொல்லலாமா?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் கண்ணே கலங்கியிருந்தது. உன்மேல்தான் வந்தது. எல்லாவற்றையும் உன் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாயே என்று. வாய்க்கு வந்தபடி, "அதெல்லாம் வேணாம் சார், நாங்க எழுதறோம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ரேஷன் கடைக்குத் துண்டுச் சீட்டு எழுதுவதைத் தவிர நான் என்ன எழுதியிருக்கிறேன்?

அந்த வியாழன் உன் வீட்டு முறை. தாண்டிப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டோம். உன் வீட்டுக்காரர் ஆள் அனுப்பி வரச் சொன்னார். பாய் விரித்து, டீ போட்டு வைத்திருந்தார். டீயா அது, வெல்லப்பாகு. ஆண்டவரை இறக்கிக் கல்லறைக்குக் கொண்டுபோகிற பகுதி வாசிக்கப்பட்டது. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "பொதைக்க எடுத்துக்கினு போறாங்களே, அந்த வழில மாதா இன்னா பண்ணியிருப்பாங்க?"

கேட்டுவிட்டு, உன்னைப் போலவே வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நானே எதையாவது உளறிச் சமாளித்துவிடலாம் என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்றே சட்டென்று பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் அன்பியத்தில் ஒரு தரமாவது கேட்டிருந்தால்தானே!

"நடந்துக்கினே இருப்பாங்க" என்றார் உன் வீட்டுக்காரர். "எல்லாரும் உக்கார சொல்லுவாங்க. உக்கார மாட்டாங்க. உக்காந்தா அழுதுடுவாங்க."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நானு தெனம் சாயங்காலம் ரயில்வே கேட்டு வரிக்கும் நடக்கறது சுகருக்குன்னு நீங்கல்லாம் நெனச்சிக்கினு இருக்கீங்க. எனக்கு சுகர் இல்ல" என்றார்.

அன்றிரவே எழுதிவிட்டேன். நான்தானடி எழுதினேன்! சீடன் யோவான், "அம்மா, செத்த உக்காருங்கம்மா" என்கிறான். மாதா, "உக்காந்தா அழுதுடுவேன்பா. என்ன நடக்க வுடு" என்கிறாள். அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இல்லை.

புனித வெள்ளியன்று மாதாவாக நடித்தது நம் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண். சிலுவையை இறக்கி வைத்தாயிற்று. ஜான்சனை வெள்ளைத் துணியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் பின்னாலேயே நடந்துகொண்டு அந்த வசனத்தைச் சொன்னாள். நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, உன் வீட்டுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களோடு நடந்து வந்துகொண்டிருந்தவர் நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கொதிக்கிற தார் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அழுதார். நீ போனபிறகு முதல் தடவையாக, ஊரே பார்க்க, வாய்விட்டு அழுதார். யாரும் போய்த் தூக்கவில்லை. ஆரோக்கியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஞானப்பிரகாசம் சார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பல்லக்குப் போல் தூக்கிப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். செத்துப்போன ஜான்சன் துணியை விலக்கி எட்டிப் பார்த்து, இறங்கி வந்து அவனும் உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு முழுக்க உட்கார்ந்துவிட்டது. நாடகம் நின்றுபோயிற்று. கல்லறைக்கு யாரும் போய்ச் சேரவேயில்லை, ஃபாதர் அங்கேயே ஜெபம் சொல்லி முடித்தார்.

நீ எழுதின எந்த வசனத்துக்கும் இப்படி ஒரு தெரு உட்கார்ந்ததில்லை. கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் பீற்றிக்கொள்ளாமல் யாரிடம் பீற்றிக்கொள்வேன்? நேற்று ஈஸ்டர் பூசைக்கு உன் வீட்டுக்காரர் வந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே, "அடுத்த வியாழன் யாரு ஊட்ல?" என்றார். எங்கள் வீட்டில்தான் என்றேன். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு இன்னும் அது பழகவில்லை, ஆனால் விட்டுவிட மாட்டேன்.